தானே குளித்தல், தானே உடுத்தல்
முதுமையில் அன்றாடச் செயல்திறன் மாறும் விதம்: ஓர் ஆய்வு

வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வரும் முதியோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வருவோர்க்கு ஒன்று தெரியும். ஓராண்டு பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்த பாட்டியார், அடுத்த ஆண்டு ஒரு சுற்றோடு நிறுத்திக் கொள்வார். அதற்கும் அடுத்த ஆண்டு கொடிமரத்தருகே நின்றபடியே கும்பிடுவார். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வாயிற்படியைக் கடப்பார். பிறகு சக்கர நாற்காலி. பிறகு ஒரு நாள் வருகையே நின்றுபோகும். "வயதாகிவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் நாம் இவை அனைத்தையும் அடக்கி விடுகிறோம்.

ஆயினும், சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் ஆறு மாதம் கழித்துக் கோலூன்றி நடந்து வருவதையும் நாம் பார்த்ததுண்டு அல்லவா? அப்படியானால் இந்தப் பாதை இறங்குமுகமாக மட்டுமே அமைந்தது அன்று என்றாகிறது. எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது, அதில் நம் கை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அடியேன் மருத்துவர் அல்லன். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் ஆண் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; அதன்பின் பெற்ற தாயைப் பராமரிக்கும் பேறு பெற்றவன். இரண்டில் பின்னதே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அளவுகோல் பிறந்த கதை

ஒருவருக்கு என்ன நோய் என்று கேட்பது ஒரு கேள்வி. அவரால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்பது முற்றிலும் வேறு கேள்வி. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகிய மூன்றும் உள்ள ஒருவர் சந்தைக்குச் சென்று மீன் பேரம் பேசி வாங்கி வருவார். பெயர் சொல்லத்தக்க நோய் எதுவும் இல்லாத இன்னொருவர் நாற்காலியை விட்டு எழ மாட்டாமல் தவிப்பார். நோய்ப் பட்டியலைக் கொண்டு முதியவரின் வாழ்வை அளக்க இயலாது என்பதை மருத்துவ உலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், இடுப்பெலும்பு முறிந்த முதியோரைக் கவனித்து வந்த சிட்னி கட்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலம் அடக்கும் திறன், உண்ணுதல் என ஆறே செயல்கள். மிக எளிய பட்டியல்தான். ஆனால் அவர்கள் கண்ட ஓர் ஒழுங்கு வியப்புக்குரியது. இத்திறன்கள் கண்டபடி போவதில்லை. பெரும்பாலோர்க்கு முதலில் போவது குளித்தல், பிறகு உடுத்தல், பிறகு மற்றவை, கடைசி வரை நிற்பது உண்ணுதல். குணமடைந்து வருவோரிடம் திறன்கள் இதற்கு நேர் எதிரான வரிசையில் திரும்பி வந்தன. குழந்தை வளர்கையில் முதலில் உண்ணக் கற்றுக் கடைசியாகத் தானே குளிக்கக் கற்கும் முறைமையோடு இது ஒத்திருப்பதையும் அவர்கள் சுட்டினர். முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்று நம் வீடுகளில் பேச்சுவாக்கில் சொல்வதை அவர்கள் அட்டவணை போட்டுக் காட்டினார்கள் என்றே சொல்லலாம்.

1969இல் லாட்டன், பிராடி ஆகிய இருவரும் இதற்கு அடுத்த படியை வகுத்தனர். தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தைத் தானே முறையாக உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என எட்டு. இவை மேற்சொன்ன ஆறுக்கும் முன்பாகவே தளரத் தொடங்குபவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் வெளியான வடிவில் பெண்களுக்கு எட்டு மதிப்பெண், ஆண்களுக்கு ஐந்துதான்! சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல் ஆகிய மூன்றும் ஆண்களுக்கு நீக்கப்பட்டிருந்தன. வாழ்நாளில் ஒரு முறைகூடத் தேநீர் கலக்காத நம் தாத்தாக்களை 'இயலாதவர்' என்று எழுதுவதா, 'பழகாதவர்' என்று எழுதுவதா என்னும் சங்கடம் அங்கும் இருந்திருக்கிறது.

நம் சிங்கப்பூரில் இந்த ஆறு செயல்கள் வெறும் ஏட்டுக் கல்வி அல்ல. 2002இல் தொடங்கிய 'எல்டர்ஷீல்டு' காப்புறுதித் திட்டமும், 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த 'கேர்ஷீல்டு லைஃப்' திட்டமும் இவற்றின் மீதே நிற்கின்றன. அடக்கும் திறனுக்குப் பதிலாக 'நடத்தல் அல்லது நடமாடுதல்' என்பது இங்கே ஆறில் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதவர் கடும் உடற்குறை உடையவராகக் கருதப்படுவார். எல்டர்ஷீல்டில் மாதம் 300 வெள்ளி ஐந்தாண்டுகளுக்கும், 2007க்குப் பின் சேர்ந்தோர்க்கு 400 வெள்ளி ஆறாண்டுகளுக்கும் என வரம்பு இருந்தது. கேர்ஷீல்டு லைஃப் 2020இல் மாதம் 600 வெள்ளி என்று தொடங்கியது. இயலாமை நீடிக்கும் வரை, வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். ஐந்தாண்டு போதும் என்ற எண்ணம் வாழ்நாள் வரை என்று மாறியதே, முதியோரின் இயலாமை எவ்வளவு நீளக் கூடியது என்பதை நாடு உணர்ந்ததற்கு அடையாளம். 1979ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்தோர்க்கு இதில் சேர்வது கட்டாயமாக்கப்படாததால், சேர்ந்திருக்கிறோமா என்பதையே அறியாத அன்பர்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் இருக்கும் கடிதங்களை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆண்டுகள் கூடின, நலமும் கூடியதா?

நீண்ட ஆயுள் வேண்டும் என்று அர்ச்சனை செய்கிறோம். அந்த நீண்ட ஆயுள் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதில் அறிஞர்கள் மூவகையாகப் பிரிந்து நின்றனர். மருத்துவம் சாவைத் தள்ளிப் போடுகிறதே ஒழிய நோயைத் தள்ளிப் போடுவதில்லை, ஆகவே படுக்கையில் கிடக்கும் ஆண்டுகளே பெருகும் என்று 1977இல் குரூன்பெர்க் எழுதினார். இல்லை, நல்வாழ்க்கை முறையால் நோயின் தொடக்கமே தள்ளிப் போகும், இயலாமைக் காலம் வாழ்வின் கடைசியில் சிறிதாகச் சுருங்கும் என்று 1980இல் ஜேம்ஸ் ஃப்ரைஸ் எதிர்வாதம் வைத்தார். 1982இல் மேன்டன் இரண்டுக்கும் நடுவே நின்று, ஆண்டுகள் கூடும், ஆனால் அவற்றின் இயலாமை கடுமை குறைந்ததாக இருக்கும் என்றார்.

யார் சொன்னது பலித்தது? அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில் நாட்பட்ட இயலாமை உடையோர் 1982இல் நூற்றுக்கு 26 பேருக்குச் சற்று மேல். 1999இல் 20 பேருக்கும் சற்றுக் குறைவு. மேன்டனும் அவர் துணைவர்களும் வெளியிட்ட இக்கணக்கைக் கண்டு பலரும் மகிழ்ந்தனர். ஆனால் மகிழ்ச்சி முழுமையாக நீடிக்கவில்லை. அறுபதுகளில் இருக்கும் அடுத்த தலைமுறையினரிடம் இயலாமை கூடி வருவதாக 2010இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. முந்தைய தலைமுறை பெற்ற நன்மை அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் சிந்திக்க வைப்பது. சுகாதார அமைச்சின் பங்கேற்புடன் 2019இல் வெளியான நோய்ச்சுமை அறிக்கையின்படி, 1990இல் சிங்கப்பூரரின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 76.1 ஆண்டு, அதில் நலத்தோடு வாழும் காலம் 67.1 ஆண்டு. 2017இல் ஆயுள் 84.8 ஆகவும், நலவாழ்வு 74.2 ஆகவும் உயர்ந்தன. இரண்டும் உயர்ந்தன என்பது பெருமைக்குரியதே. ஆனால் கழித்துப் பாருங்கள். 1990இல் இடைவெளி 9 ஆண்டு. 2017இல் பத்தரை ஆண்டுக்கும் சற்று மேல். அதாவது ஆயுள் ஓடிய வேகத்திற்கு நலம் ஈடுகொடுத்து ஓடவில்லை. பெண்கள் ஆண்களைவிட நான்கைந்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அந்தக் கூடுதல் ஆண்டுகளில் கணவரும் இல்லாமல், உடலும் ஒத்துழைக்காமல் கழிக்கும் காலம் அவர்கள் பங்கிற்கே அதிகமாக விழுகிறது.

நம் சமூகத்தார்க்கு மேலும் ஒரு சுமை உண்டு. நீரிழிவு இங்குள்ள சீனரைவிட இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் அதிகம் காணப்படுவது அனைவரும் அறிந்ததே. 2016இல் அரசாங்கம் நீரிழிவின் மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. கண் பார்வை, சிறுநீரகம், கால் ஆகிய மூன்றையும் அந்நோய் மெல்ல அரிக்கிறது. கால் நரம்புகள் மரத்துப் போனவருக்கு உச்சி வெயிலில் பிராகாரக் கல் சுடுவது தெரியாது. வலம் வந்து வீடு திரும்பிய பிறகுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைக் காண்பார். அது புண்ணாகி, விரலை எடுக்கும் வரை சென்ற கதைகளைத் தாதியாக இருந்தபோது கண்டிருக்கிறேன். வெயில் வேளையில் காலுறை அணிந்து வலம் வருவதால் தெய்வக் குற்றம் ஏதும் வந்துவிடாது என்பது என் துணிபு. சர்க்கரைப் பொங்கலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை; சொன்னால் நண்பர்கள் குறைந்து விடுவார்கள்.

மின்தூக்கி நிற்காத மாடி

இயலாமை உடலில் மட்டும் இருப்பதன்று. உடலுக்கும் அது வாழும் இடத்திற்கும் நடுவே இருப்பது. இதனைச் சமூகவியலாளர் நாகி 1965 முதலே எழுதி வந்தார். 1994இல் வெர்புருக், ஜெட் ஆகிய இருவரும் விரிவாக்கினர். நமக்கு அவர்களைப் படிக்க வேண்டிய தேவைகூட இல்லை. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த எவரும் அறிவர்.

அக்காலத்தில் மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நிற்காது. முதல் தளத்தை விட்டால் நான்கைந்து மாடிகளுக்கு ஒரு முறைதான் நிற்கும். மூன்றாம் மாடியில் குடியிருந்த மூட்டுவலிக்காரப் பாட்டி, எந்தப் பக்கமாக வந்தாலும் இரண்டு மாடிப் படிகளைத் தாண்டியாக வேண்டும். முழங்காலின் நிலை அதேதான். ஆனால் மின்தூக்கி நிற்கும் மாடியில் இருந்த அவருடைய தோழி கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வந்தார். இவர் வீட்டோடு அடைந்தார். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் பல்லாயிரம் வீடுகளின் வாசலில் மின்தூக்கி வந்து நின்றது. ஒரு மாத்திரையும் கொடாமல் எத்தனையோ பேருடைய இயலாமை அன்று குறைந்தது! 2012 முதல் 'ஈஸ்' திட்டத்தின் வழியாகக் குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் பெரும் மானியத்தில் அமைத்துத் தரப்படுகின்றன. இதுவரை கேட்டுப் பெறாதவர்கள், விழுந்த பிறகு கேட்பதைவிட முன்னதாகக் கேட்பது மேல்.

இதன் மறுபக்கமும் உண்டு. முந்தானை முடிச்சில் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்திருந்த மூதாட்டி, எல்லாம் கைப்பேசியில் என்று ஆன பின்பு 'பணத்தைக் கையாள இயலாதவர்' பட்டியலில் சேர்ந்து விடுகிறார். அவர் மாறவில்லை, காலம் மாறிற்று.

இறங்குவோரும் ஏறுவோரும்

இனி, கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 70 வயதும் அதற்கு மேலுமான 754 பேரை, 1998 முதல் தாமஸ் கில் என்னும் மருத்துவரின் குழு மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து விசாரித்து வந்தது. குளிக்க, உடுக்க, நாற்காலியிலிருந்து எழ, வீட்டுக்குள் நடக்கப் பிறர் உதவி வேண்டியிருக்கிறதா? இவையே முதன்மையான கேள்விகள். முந்தைய ஆய்வுகள் ஆண்டுக்கு ஒரு முறையோ அதனினும் அரிதாகவோ கேட்டன. ஆகவே இடையில் விழுந்து எழுந்தவர்கள் கணக்கில் வரவில்லை. மாதந்தோறும் கேட்டபோது காட்சி மாறியது. புதிதாக இயலாமைக்கு ஆளான 420 பேரில் 340 பேர், அதாவது நூற்றுக்கு 81 பேர், ஓராண்டுக்குள் மீண்டும் தம் காரியங்களைத் தாமே செய்யத் தொடங்கினர்! ஆயினும் மீண்டவர் எல்லாரும் அப்படியே நிலைக்கவில்லை. ஒரு முறை விழுந்தவர் மறுமுறை விழும் வாய்ப்பும் அதிகம்.

விழச் செய்வது எது? மெல்ல அரிக்கும் முதுமை மட்டுமன்று. திடீரென நேரும் நோய், காயம், அதனால் மருத்துவமனையில் சேர்தல் ஆகியவையே பெரும் காரணம் என்று அதே குழு கண்டது. சேர்வதற்குக் காரணமான நோய் குணமாகிவிடும்; ஆனால் படுக்கை தன் கூலியை வாங்கிக் கொள்ளும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 67 ஆன நலமான பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். எந்த நோயும் இல்லாத அவர்கள் காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். நோயோடு படுத்திருக்கும் எண்பது வயதினரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

போன தசை திரும்புமா? 1990இல் வெளியான ஃபியாட்டரோனியின் ஆய்வு, முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது தொண்ணூறு ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி தந்து பார்த்தது. முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடிற்று. தொண்ணூற்றிலும் தசை கேட்டால் கொடுக்கிறது. எனினும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2002இல் கில் குழுவினர், நலிவுற்ற 188 பேரில் ஒரு பாதியினர்க்கு வீட்டிலேயே ஆறு மாதப் பயிற்சி தந்தபோது, நடுத்தர நலிவு உடையோர் நன்கு பயனடைந்தனர்; கடும் நலிவு உடையோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. காலம் கடந்து செய்தால் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

என் வீட்டில் நடந்தது

2018இல் என் தாயாருக்கு நுரையீரல் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். அப்போது வயது 76. போகும் வரை தானே சமைத்து, தானே குளித்து, பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுத்து அனுப்பியவர். காய்ச்சல் போயிற்று. வீட்டுக்கு வந்தவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. நான் என்ன செய்தேன்? பணிப்பெண் ஒருவரை அமர்த்தி, "பாட்டியை எதையும் செய்ய விடாதே, எல்லாவற்றையும் நீயே செய்" என்றேன். அவளும் பாசத்தோடு குளிப்பாட்டினாள், நைட்டி மாட்டினாள், ஊட்டியும் விட்டாள். ஊட்டத் தேவையே இருக்கவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. சிந்தாமல் முடியும், சீக்கிரம் முடியும் என்பதற்காக ஊட்டினாள். மூன்று மாதத்தில் அம்மாவால் நிற்கவே முடியவில்லை. தாதியாக இருந்தவன் வீட்டில் இது நடந்தது என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த இளம் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரு சீனப் பெண். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய். அந்தப் பெண்ணுக்கும் அதே அளவு. எப்படியோ இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு என்னிடம் திரும்பி, "உங்கள் அம்மா முன்பு தினமும் என்ன உடை உடுத்துவார்?" என்று கேட்டார். சேலை என்றேன். "அப்படியானால் நாளை முதல் சேலை கொடுங்கள். அவரே கட்டட்டும். எவ்வளவு நேரமானாலும் கையை நீட்டாதீர்கள்" என்றார்.

நாற்காலி தாழ்வாக இருந்ததால் இரண்டு தடித்த மெத்தைகளைப் போட்டு உயர்த்தினோம். உயரம் கூடியதால் எழுவது எளிதாயிற்று. காலை விளக்கேற்றும் முன் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை எழுந்து உட்கார்தல். இரண்டு வாரத்தில் ஒரு மெத்தையை எடுத்தோம். பின்னர் மற்றதையும். அவர் முன்னேற்றம் கட்ஸ் எழுதிய வரிசையிலேயே அமைந்தது. முதலில் தானே உண்டார். அடுத்து எழுந்து கழிவறைக்குச் சென்றார். சேலை கட்டி முடிக்க முதல் நாள் நாற்பது நிமிடம். கொசுவம் மூன்று முறை அவிழ்ந்தது. நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றிருப்பது, கட்டிவிடுவதைவிடக் கடினமான வேலை.

வீட்டில் பார்க்கத்தக்க சோதனை

ஆசிய நாடுகளின் தசை நலிவு வல்லுநர் குழு 2019இல் தந்த அளவுகளை அன்பர்கள் தம் பெற்றோரிடம் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதா? கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்திருக்கிறதா? ஆம் எனில் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். யாராவது அருகில் நின்று பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கையில் மட்டுமே முதல் சோதனையைச் செய்ய வேண்டும். மருத்துவமனையில் இருப்பவராயின், அவர் எழுந்து உட்காரலாமா, உதவியோடு நடக்கலாமா என்று தினமும் மருத்துவரைக் கேளுங்கள். கேட்கும் குடும்பத்திற்குப் பதில் கிடைக்கிறது.

நன்கொடை வழங்கும் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். சக்கர நாற்காலி உபயம் செய்ய முன்வருவோர் பலர், அது தேவைதான். அதே மனத்தோடு, கால் கழுவும் குழாயருகே ஒரு கைப்பிடிக் கம்பி, பிராகாரச் சுவரோரம் தொடர்ந்து செல்லும் பிடிகம்பி, கைதாங்கி உள்ள சற்று உயரமான நாற்காலிகள் பத்து, கழிவறையில் உயர்ந்த இருக்கை ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கைதாங்கி இல்லாத தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழ முடியாமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கூச்சப்படுவதை அன்னதானக் கூடத்தில் காணலாம். அடுத்த முறை அவர் வருவதில்லை.

என் தாயார் எண்பதைக் கடந்துவிட்டார். குளிக்க இன்றும் துணை வேண்டும், அது திரும்பவில்லை. சேலையைத் தானே கட்டுகிறார், இருபது நிமிடத்தில். வெள்ளிக்கிழமைகளில் வாடகை வண்டியை அரை மணி நேரம் தாமதமாகவே அழைக்கிறோம்.